பெயருக்காக ஓர் உயிர்

ஓர் உயிரை அறிவதற்காக அதைக் கொல்லலாமா? உணவுக்காகவும் தற்காப்புக்காகவும் கொல்வதைக் குறித்து நெடுங்காலமாக வாதிட்டுவரும் நாம், அறிவின் பொருட்டு நிகழும் கொலையைப் பற்றி அதிகம் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணிப் பார்க்க ஒரு சிறு வண்டே போதும்.

இலைகளில் பொடித்துளைகளிட்டு உண்ணும் வண்டுக் கூட்டம் ஒன்றுண்டு. தடித்த பின்தொடைக்குள் வில்போன்ற உறுப்பிருப்பதால், தொட்டவுடன் தெள்ளுப்பூச்சியைப்போலத் துள்ளி மறையும். ஆதலின் தெள்ளுவண்டு என்பர். ஆயிரக்கணக்கான இனங்கள் உள்ளன. அவற்றுட் பல, பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். ஆண்வண்டின் பிறப்புறுப்பைப் பிரித்தெடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாலன்றி வேறுபாடு விளங்காது. புகைப்படம் இங்கே கைகொடுப்பதில்லை. எனவே, புதிய இனமென்று ஒன்றை உலகுக்கு அறிவிக்க விரும்புபவர் பெரும்பாலும் அதனைக் கொன்றே தீரவேண்டியிருக்கிறது.

கொன்றபின் அவர் செய்வதுதான் கவனிக்கத்தக்கது. வண்டுகளுள் ஒன்றை மூலமாதிரி எனக் குறித்து, அட்டைத்துண்டில் ஒட்டி, கிடைத்த இடத்தையும் நாளையும் எழுதிக் காப்பகத்தில் வைக்கிறார். 1999க்குப் பின் வெளியாகும் இனப்பெயர்களுக்கு மூலமாதிரி எதுவென வெளிப்படையாகக் குறிப்பது விலங்கியல் பெயரீட்டு விதிகளின்படி கட்டாயம். அம்மாதிரிகள் அறிவியலின் பொருட்டு நம்பி ஒப்படைக்கப்பட்டவை என்றும் அவ்விதிகள் கூறுகின்றன. நம் வழக்கில் சொன்னால், அமானிதம்.

எதற்காக இந்த அமானிதம்? விவரித்தவர் சொன்னது பிழையென்றால், நூறாண்டு கழித்தும் இன்னொருவர் அவ்வுடலை எடுத்துப் பார்த்து மறுப்பதற்காக. தன் சொல்லுக்கு எதிரான சாட்சியைத் தானே பாதுகாத்து வைக்கிற ஒழுங்கு இது. நம் கல்வித்துறைகள் பலவற்றில் இதைக் காண்பதரிது. இவ்வொழுங்கு உள்ள அளவுக்கே அக்கொலைக்கு நியாயமுண்டு என்பது என் கருத்து. ஐந்து வண்டுகள் போதுமான இடத்தில் ஐந்நூறு சேர்ப்பவர் அறிவைத் தேடவில்லை, பொருளைச் சேர்க்கிறார்.

"பெயரே வேண்டாம், வண்டை அதன் பாட்டில் விட்டுவிடலாமே" என்று கேட்கலாம். இரக்கமுள்ள கேள்விதான். ஆனால் பெயரில்லாத உயிரை மனிதன் அதன் பாட்டில் விட்டுவைத்தானா?

நம் பொன்னாங்கண்ணிக்கு நெருங்கிய உறவான ஒரு தென்னமெரிக்கச் செடி, அலிகேட்டர் களை என்ற பெயரில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஓடைகளை அடைத்துக்கொண்டது. அதனைத் தின்னும் தெள்ளுவண்டு ஒன்றை அர்ஜென்டினாவிலிருந்து கொணர்ந்து 1964இல் விடுவித்தனர். கறுப்பில் மஞ்சட்கோடுகள் ஓடும் அழகிய வண்டு. நம் பயிரைத் தின்னுமோ என்ற சோதனையை முன்கூட்டியே முடித்துவிட்டார்கள். அதில் அவசரம் இருந்தது, நமது நலன் அல்லவா! அவ்வினத்துக்குப் பெயரோ அப்போது இல்லை. ஆய்வுரைகளில்கூட 'அகசிக்லிஸ் பேரினத்தில் ஒன்று' என்றே குறிக்கப்பட்டது. பெயரற்ற கூலியாளாக அது களையைத் தின்றுகொண்டிருந்தது.

தென்னமெரிக்காவில் அதனைத் தேடித் திரிந்தவருள் ஒருவரான வோக்ட் என்பார், செல்மன் என்பவருடன் சேர்ந்து 1971இல் அதனை முறைப்படி விவரித்தார். அகசிக்லிஸ் ஹைக்ரோஃபிலா என்பது பெயர். பின்பாதிக்கு ஈரத்தை விரும்புவது என்று பொருள். அதற்குள் அந்நிய ஓடைகளில் அவ்வண்டு பல தலைமுறைகள் கண்டிருந்தது.