எங்களுக்கும் புது இடம்

ரொறன்ரோவில் சிறு பிள்ளைகளோடு வெளியே திரிய எது நல்ல காலம் என்று கேட்டால், கோடை என்றுதான் பெரும்பாலானவர்கள் சொல்வார்கள். நான் இலையுதிர் காலம் என்பேன். செப்டெம்பர் நடுப்பகுதிக்குப் பிறகு நுளம்பு குறைந்துவிடும். புழுக்கம் இராது. மெல்லிய ஜக்கெற்றும் தண்ணீர் புகாத சப்பாத்தும் இருந்தால் மூன்று வயதுப் பிள்ளையும் ஒரு மணி நேரம் சிணுங்காமல் நடக்கும். இவற்றைவிடப் பெரிய காரணம், இந்தக் காலத்தில் காட்டிலும் ஓடையிலும் நடக்கிற எதுவும் எங்கள் வசதியைப் பார்த்து நடப்பதில்லை என்பது. ஏரிக்கரைக்கு இந்தக் கிழமை போகாவிட்டால் அடுத்த கிழமை போகலாம். சல்மன் மீன் ஓடையில் ஏறுவதும், மொனார்க் வண்ணத்துப்பூச்சி தெற்கே புறப்படுவதும், மேப்பிள் சிவப்பதும் சில கிழமைகளுக்குள் முடிந்துவிடும். நவம்பர் முதல் ஞாயிறு மணிக்கூட்டைப் பின்னே தள்ளி வைத்தபிறகு, வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போதே இருட்டிவிடுகிறது.

நானும் மனைவியும் இலங்கையின் வடமராட்சியில் பிறந்து வளர்ந்து, பெரியவர்களான பிறகு இங்கே வந்தவர்கள். மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு மூன்று. மனைவியின் தாயாரான மாமியும் எங்களோடுதான் இருக்கிறார். ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் எங்களைப் போன்ற வீடுகள் ஏராளம். எல்லா வீட்டிலும் ஒரே மாதிரித்தான் நாள் ஓடுகிறது. பல்லைத் தீட்டு, உடுப்பைப் போடு, சோற்றை முடி, தம்பியை அடிக்காதே, நேரமாச்சு, படு. தகப்பனும் தாயும் சொல்கிறவர்கள், பிள்ளைகள் கேட்கிறவர்கள். இதில் தவறில்லை; சிறு பிள்ளைகளை வளர்க்க வேறு வழியும் இல்லை. ஆனால் ஒரே வீட்டில் இருந்து, ஒரே சட்டியில் சமைத்ததைச் சாப்பிட்டு, சொல்வதும் கேட்பதுமாகவே நாளைக் கழித்தால், அதைச் சேர்ந்து வாழ்வது என்று சொல்லலாமா என்பது எனக்கு நீண்ட நாளாக இருந்த கேள்வி. அதற்கு ஓரளவு பதில் கிடைத்தது ஹைலண்ட் கிறீக்கில்.

ஹைலண்ட் கிறீக் பெரும்பாலும் நகர எல்லைக்குள்ளேயே ஓடி, மோர்ணிங்சைட் பூங்கா வழியாக வளைந்து ஒன்ராறியோ ஏரியில் விழுகிற ஓடை. மேலே பெரிய வீதிகள், பஸ், கடைகள். கீழே பள்ளத்தாக்கில் இறங்கினால் அந்தச் சத்தம் அடங்கிவிடும். செப்டெம்பர் கடைசியிலும் ஒக்டோபர் தொடக்கத்திலும் அங்கே முழங்கால் ஆழம்கூட இல்லாத தண்ணீரில், முதுகு வெளியே தெரிய, என் முழுக் கையின் நீளமுள்ள மீன்கள் எதிர்த்து ஏறிக்கொண்டிருக்கும். முதல் முறை அதைப் பார்த்தபோது மகள் என் விரலை இறுக்கிப் பிடித்தாள். “அப்பா, அது ஏன் திரும்பிப் போகேல்லை?” என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. மனைவியைப் பார்த்தேன், அவருக்கும் தெரியவில்லை. மாமி புலோலியில் வளர்ந்தவர். பருத்தித்துறைச் சந்தையில் செவுளைத் தூக்கிப் பார்த்தே மீன் எத்தனை மணிக்குக் கரைக்கு வந்தது என்று சொல்லக்கூடியவர். அவரும் ஓடைக்கரையில் நின்று, “இவ்வளவு பெரிய ஏரி இருக்க இந்த வாய்க்காலுக்குள்ள என்னத்துக்கு வருகுது?” என்று கேட்டார். அறுபதைத் தாண்டியவருக்கும் ஆறு வயதுப் பிள்ளைக்கும் ஒரே கேள்வி. இந்த நிலத்தில் நாங்கள் எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே வயதுக்காரர் என்று அப்போது பட்டது.

அன்றிரவு எல்லாருமாக இருந்து தேடி வாசித்தோம். அந்த மீன் சினூக் சல்மன். ஓடையின் சரளைக் கற்களுக்கிடையில் பிறந்து, ஏரிக்குப் போய்ச் சில வருடம் வளர்ந்து, பிறந்த ஓடையின் வாசனையை வைத்தே திரும்பி வருகிறது. ஏறத் தொடங்கினால் சாப்பாட்டை விட்டுவிடும். உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்புத்தான் அதற்கு மிச்சப் பலம். ஆண் மீனின் தாடை கொக்கிபோல வளையும். பெண் மீன் பக்கவாட்டில் சரிந்து வாலால் சரளையை அடித்துக் குழி தோண்டி முட்டை விடும். பிறகு இரண்டும் இறந்துவிடும். மனைவி இதை வாசித்துச் சொன்னபோது மகள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்ப குஞ்சுகளுக்கு அம்மா இல்லையா?” என்று கேட்டாள். இல்லை என்று சொன்னோம். வேறு என்ன சொல்வது?

அடுத்த கிழமை போனபோது கரையோரம் செத்த மீன்கள் ஒதுங்கியிருந்தன. கெட்ட மணம். நான் பிள்ளைகளை அப்பால் கூட்டிப்போகத் திரும்ப, மனைவி கையைக் காட்டி நிற்கச் சொன்னார். மகன் ஒரு தடியோடு குந்தியிருந்து நெடுநேரம் பார்த்தான். கடற்காகம் ஒன்று வந்து கண்ணைக் கொத்தியது. “பசிக்குதாம்” என்றான். அவ்வளவுதான், எழுந்து நடந்தான். சாவைப் பிள்ளைகளிடமிருந்து ஒளிக்க நாங்கள் படுகிற பாட்டுக்கு அவசியமே இல்லை என்பது என் எண்ணம். வீட்டில் ஒரு சாவு நடக்கும்போது அழுதுகொண்டு விளங்கப்படுத்துவதைவிட, ஓடைக்கரையில் வெயிலில் நின்று பார்ப்பது அவர்களுக்கு நல்லது.

வாசிக்க வாசிக்க இன்னொன்றும் தெரியவந்தது. சினூக் இந்த ஏரிக்கு உரிய மீனே அல்ல. ஒரு காலத்தில் ஒன்ராறியோ ஏரியில் அத்திலாந்திக் சல்மன் நிறைந்திருந்தது. குடியேறியவர்கள் ஆறுகளுக்குக் குறுக்கே ஆலைகளுக்காக அணை கட்டினார்கள், காட்டை வெட்டினார்கள், அளவில்லாமல் பிடித்தார்கள். 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அந்த மீன் இங்கே அற்றுப்போய்விட்டது. பசிபிக் கரையின் சல்மன் வகைகளைக் கொண்டுவந்து விடும் பெருமுயற்சி 1960களின் இறுதியில் தொடங்கியது. ஏரியில் பெருகியிருந்த ஏல்வைஃப் என்ற சிறுமீனைத் தின்னவும், தூண்டில்காரர்களுக்காகவும் விட்டார்கள். ஆகவே இன்று ஹைலண்ட் கிறீக்கில் ஏறுவது பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து கொண்டுவரப்பட்ட மீனின் வழிவந்தது. ஆனாலும் அதற்குத் திரும்பிவரத் தெரிந்த ஓடை இதுதான். இங்கே பிறந்த எந்தப் பிள்ளையைப் பற்றியும் இதையேதான் சொல்ல வேண்டும். ‘நீ எந்த ஊர்?’ என்று யாராவது கேட்டால் மகள் ஸ்காபரோ என்கிறாள். முன்பு அது எனக்குள் சின்னதாக உறுத்தும். இப்போது, அவள் அதைச் சரியாகத் தெரிந்துகொண்டு சொல்ல வேண்டும் என்று மட்டும் நினைக்கிறேன்: எந்த ஓடை, எந்த மரம், எந்த மாதத்தில் எது நடக்கும், எங்களுக்கு முன் இங்கே யார் இருந்தார்கள். 17ஆம் நூற்றாண்டில், பக்கத்தில் ஓடும் ரூஜ் ஆற்றங்கரையில் பூர்வகுடிகளான செனெக்கா மக்களின் ஊர் ஒன்று இருந்தது. வடக்கே போகிற நடைபாதை அங்கிருந்து தொடங்கியது. இன்று அந்த ஆற்றைச் சுற்றி ஏறத்தாழ 79 சதுர கிலோமீட்டர் ரூஜ் தேசிய நகர்ப்பூங்காவாக இருக்கிறது. நாங்கள் பிள்ளைகளின் கையைப் பிடித்து நடக்கிற பாதை வேறு பிள்ளைகள் நடந்த பாதை.

ரூஜ் ஆறு ஏரியில் சேர்கிற இடத்தில், செப்டெம்பரில் மஞ்சள் கோல்டன்றொட் பூக்களிலும் ஊதா அஸ்டர் பூக்களிலும் மொனார்க்குகள் தேன் குடித்துக்கொண்டிருக்கும். கோடையில் பிறக்கிற மொனார்க் சில கிழமைகளே வாழும். இலையுதிர் காலத்தில் பறக்கத் தொடங்குகிற தலைமுறைக்கு மட்டும் மாதக்கணக்கில் ஆயுள். அது ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் பறந்து மெக்சிக்கோவின் மலைக்காடுகளுக்குப் போகிறது. அந்த இடத்தை அதுவும் கண்டதில்லை, அதன் தாயும் கண்டதில்லை. இந்தப் பயணத்தின் முடிவைக் கண்டறிய வாழ்நாளையே கொடுத்தவர் ஃபிரெட் அர்குவார்ட். ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் பேராசிரியர், ஸ்காபரோ வளாகத்தில் கற்பித்தவர். மொனார்க்குகள் குளிர்காலத்தில் எங்கே போகின்றன என்பது அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே கேட்ட கேள்வி. பெரியவரானபின் அவரும் மனைவி நோராவும் சிறகில் ஒட்டும் சிறு அடையாளத் தாள்களை உருவாக்கி, கண்டம் முழுக்கத் தொண்டர்களைச் சேர்த்துப் பல பத்தாண்டுகள் தேடினார்கள். 1975 ஜனவரியில் அவர்களின் தொண்டர்கள் இருவர் மெக்சிக்கோவின் மிச்சோகான் மலையில் அந்தக் காட்டைக் கண்டுபிடித்தார்கள். அடுத்த ஆண்டு அர்குவார்ட் தம்பதி நேரில் போய் நின்றபோது, பூச்சிகளின் பாரம் தாங்காமல் ஒரு கிளை முறிந்து விழுந்தது. விழுந்த கூட்டத்துக்குள் ஒன்றில் அடையாளத் தாள் இருந்தது. அமெரிக்காவின் மினசோட்டாவில் ஒரு ஆசிரியரும் அவருடைய மாணவர்களும் ஒட்டியது அது.

இந்தக் கதையை மகள் திரும்பத் திரும்பக் கேட்பாள். எனக்கு இதில் மிகவும் பிடித்தது, ஒரு சிறுவனின் கேள்வியை யாரும் அலட்சியமாகத் தள்ளிவிடாமல் இருந்தால் அது எவ்வளவு தூரம் போகும் என்பது. கணவனும் மனைவியும் ஒரு கேள்வியை நடுவில் வைத்துக்கொண்டு முதுமை வரை வாழ்ந்திருக்கிறார்கள் என்பதும் பிடிக்கும். வீட்டுக் கடன், வேலை, பிள்ளைகளின் வகுப்புகள் என்று எங்கள் பேச்செல்லாம் சுருங்கிப்போகிற நாட்களில் அவர்களை நினைத்துக்கொள்வேன்.

இலை நிறம் மாறுவதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். நான் ஒன்றை மட்டும் சொல்கிறேன். பகல் குறுகியதும் இலையின் பச்சையம் சிதைகிறது. மஞ்சள் ஏற்கெனவே இலைக்குள் இருந்தது, இப்போது தெரியவருகிறது. சிவப்பு அப்படியில்லை, சாகப்போகிற இலை அதைப் புதிதாக உண்டாக்குகிறது. ஏன் அந்தச் செலவு என்பதில் விஞ்ஞானிகளே ஒரு முடிவுக்கு வரவில்லை. “பெரிய ஆக்களுக்கும் தெரியாதா?” என்று மகள் கேட்டபோது அவள் முகத்தில் வந்த மகிழ்ச்சியை மறக்க மாட்டேன். பெற்றோருக்கு எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கை பிள்ளைக்குப் பாதுகாப்புத் தரும், உண்மைதான். பெற்றோருக்கும் தெரியாது, அவர்களும் என்னோடு சேர்ந்து பார்க்கிறார்கள் என்று தெரியவருவது வேறொரு பலம். அப்போதுதான் பிள்ளை தன் கண்ணை நம்பத் தொடங்கும். பிறகு நான் காணாத மரங்கொத்தியை எனக்குக் காட்டும்.

இதற்கெல்லாம் எப்போதும் ஓடைக்குத்தான் போகவேண்டும் என்றில்லை. ஒக்டோபர் கடைசியில் எங்கள் பின்வளவு முழுக்க அயல்வீட்டு மேப்பிளின் இலை. அக்கம்பக்கத்தார் கடதாசிப் பைகளில் அள்ளி வீதியோரம் வைக்கிறார்கள், மாநகரசபை வண்டி எடுத்துப்போகும். மாமி அதற்கு விடவில்லை. புலோலியில் அவருடைய தகப்பனார் தோட்டத்துக்குப் பூவரசங் குழை தாழ்ப்பாராம். “நிலத்துக்குக் குடுக்கவேண்டியதை றோட்டில வைக்கிறதே?” என்று கேட்டுவிட்டு, கோடையில் கத்தரியும் பயற்றையும் நின்ற பாத்தியைக் கொத்தச் சொன்னார். நான் கொத்த, பிள்ளைகள் இலையை அள்ளிப் போட, மாமி மண்ணை மூடினார். மகன் போட்டதில் பாதியைத் திரும்ப எடுத்துத் தலைக்கு மேல் எறிந்தான். பொழுதுபட்டதும் குசினிப் படியிலிருந்து எல்லாரும் தேத்தண்ணி குடித்தோம், மிக்சரும் சாப்பிட்டோம். இளவேனிலில் அந்த மண்ணைக் கிளறியபோது மண்புழுக்கள் நெளிந்தன. அம்மம்மா சொன்னது இந்த ஊர் மண்ணிலும் பலித்தது என்று அன்று மகள் தெரிந்துகொண்டாள். அவரிடம் கேள்வி கேட்கத் தொடங்கியதும் அன்றுதான்.

நேரமில்லை என்று சொல்கிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். இரவு வேலை முடித்துக் காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத் தூங்கப்போகிறவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். சனிக்கிழமை அவர்களுக்கு உடுப்புத் தோய்க்கிற நாள், சாமான் வாங்குகிற நாள், கொண்டாட்டங்களுக்குப் போகிற நாள். ஆனால் எங்கள் சமூகத்தில் சனி, ஞாயிறு முழுவதும் பிள்ளைகளை வகுப்பு வகுப்பாக ஏற்றி இறக்குவதில் போய்விடுகிறதே, அதைப் பற்றிக் கட்டாயம் சொல்லவேண்டும். பரதம், மிருதங்கம், தமிழ், கணக்கு, நீச்சல். ஒவ்வொன்றும் நல்லதே. எல்லாவற்றிலும் பெற்றோர் காரில் காத்திருப்பவர்களாகவே இருக்கிறார்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு வகுப்பைக் குறைத்து அந்த நேரத்தை ஓடைக்கரையில் கழித்தால் அது எதையும் இழக்காது என்று உறுதியாகச் சொல்வேன். குளிரில் சளி பிடிக்கும் என்று பாட்டிமார் பயப்படுவார்கள். அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

அப்பிள் தோட்டத்துக்கும் பூசணித் தோட்டத்துக்கும் போவதில் எனக்கு மறுப்பில்லை, நாங்களும் போகிறோம். அங்கே நுழைவுச்சீட்டு இருக்கிறது, வைக்கோல் வண்டி இருக்கிறது, படம் எடுக்க அலங்கரித்த இடமும் இருக்கிறது. என்ன பார்க்கவேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருக்கிறார்கள். ஓடையில் யாரும் அப்படிச் செய்து வைக்கவில்லை. சில நாள் ஒரு மீனும் இராது. அந்த நாளில் பிள்ளைகள் கரையில் கல்லைப் புரட்டுவார்கள்.

இந்த வருடம் நீங்களும் போய்ப் பாருங்கள். நல்ல மழை பெய்து தண்ணீர் ஏறிய மறுநாளோ அதற்கடுத்த நாளோ போங்கள். மீன்கள் கூட்டமாக ஏறுவது அப்போதுதான். கரையில் சத்தம் போடாமல் நில்லுங்கள். தண்ணீருக்குள் இறங்கவும் வேண்டாம், கல்லெறியவும் விடவேண்டாம், சரளைக்குள் முட்டை இருக்கும். பிள்ளைகளுக்கு மாற்றுக் காலுறை எடுத்துப்போங்கள். ஒக்டோபர் நடுப்பகுதியைத் தாண்டினால் மீன் ஏறுவது பெரும்பாலும் முடிந்திருக்கும்.