பகுதி நேரப் படைவீரனும் முழு உண்மையும்

பொய் பேசாமலே ஒருவரை ஏமாற்ற இயலுமா? அறநெறி இறையியலின் மிகப் பழைய கேள்விகளுள் இதுவும் ஒன்று. குருமடத்து வகுப்பறைகளில் இக்கேள்விக்கு எடுத்துக்காட்டாகக் குதிரை வணிகனும் கோதுமை வணிகனும் வந்து போவார்கள். நம் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களிலோ இக்கேள்வி இன்று சீருடை அணிந்து வந்து நிற்கிறது.

வேலைவாய்ப்புச் செய்திகளிலும், பயிற்சி மையங்களின் சுவரொட்டிகளிலும், கைப்பேசி வழியே பரவும் துணுக்குகளிலும் ‘பகுதி நேர இராணுவப் பணி’ என்னும் தலைப்பை அவ்வப்போது காண்கிறோம். ஆண்டுக்கு இரண்டு மாதம் பயிற்சி, எஞ்சிய நாள்களில் சொந்தத் தொழில், பயிற்சி நாள்களுக்கு வழக்கமான இராணுவத்தினருக்குரிய ஊதியம் என்று அதன் கீழே எழுதியிருக்கும். மானாவாரி நிலத்தில் மக்காச்சோளமும் பருத்தியும் விதைத்துவிட்டு வானத்தை அண்ணாந்து பார்க்கும் ஒரு தாய் இதைக் கேள்வியுற்றால், “காட்டையும் பார்த்துக்கொள்ளலாம், சர்க்கார் சம்பளமும் வரும்” என்றே எண்ணுவார். அவ்வாறு எண்ணியதற்காக அவரைக் குறை கூற யாருக்கும் உரிமை இல்லை.

இங்கே குறிப்பிடப்படுவது, ‘டெரிட்டோரியல் ஆர்மி’ என்னும் ஆங்கிலப் பெயராலேயே பலரும் அறிந்த பிராந்திய இராணுவம். 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான இப்படையை 1949 அக்டோபர் 9 அன்று அந்நாளைய கவர்னர் ஜெனரல் இராஜாஜி முறைப்படி தொடங்கி வைத்தார். குடிமக்கள் தத்தம் தொழிலில் இருந்துகொண்டே ஆண்டில் சில வாரங்கள் படைப்பயிற்சி பெறவேண்டும். நாட்டுக்குத் தேவை ஏற்படும்போது வழக்கமான இராணுவத்துக்குத் தோள்கொடுக்க வேண்டும். இதுவே இதன் அடிப்படைக் கருத்து. இதன் காலாட்படைப் பிரிவுகள் நமக்குத் தொலைவில் இல்லை. திருச்சியில் ஒன்றும் கோவையில் ஒன்றும் உண்டு. இக்கருத்தில் குற்றம் காண நமக்கு விருப்பமில்லை. உழுபவனும் ஆசிரியனும் வணிகனும் நாட்டுக் காவலில் பங்கேற்பது மதிப்புக்குரிய செயலே. படைப்பணியைத் தங்கள் மக்களின் பாதுகாப்புக்கான ஊழியமாக ஏற்று நேர்மையாக ஆற்றுவோர் அமைதிக்கே துணை செய்கின்றனர் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கமும் போதித்துள்ளது.

அத்துடன், இராணுவத்தின் அதிகாரப்பூர்வ அறிவிப்பு பொய் சொல்லவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதிகாரிகளைச் சேர்க்க வெளிவரும் அறிவிப்பு, விண்ணப்பிப்பவர் ஏற்கெனவே ஊதியம் தரும் தொழிலில் இருக்க வேண்டும் என்று நிபந்தனை இடுகிறது. இது முழு நேர வாழ்க்கைத் தொழிலன்று, ஓய்வூதியத்துக்கு உறுதி கிடையாது, தேவைக்கேற்ப நெடுங்காலப் பணிக்கும் அழைக்கப்படலாம் என்றும் அதில் கண்டிருக்கிறது. ஆயினும் அச்சொற்கள் அறிவிப்பின் அடியில் இருக்கின்றன. அறிவிப்பு டெல்லியிலிருந்து புறப்பட்டுச் செந்துறைக்கோ வேப்பந்தட்டைக்கோ வந்து சேர்வதற்குள் அடிப்பகுதி உதிர்ந்துபோய்த் தலைப்பு மட்டுமே எஞ்சுகிறது. கைமாற்றித் தருபவர் ஒவ்வொருவரும் இனிப்பான பகுதியை வைத்துக்கொண்டு கசப்பான பகுதியை விட்டுவிடுகிறார். பயிற்சிக் கட்டணம் வசூலிப்பவருக்குக் கசப்பைச் சொல்ல என்ன அவசரம்? விளைவு என்னவெனில், தொழில் உள்ளவருக்கென வகுக்கப்பட்ட படையின் வாயிலில் தொழில் இல்லாதவரே திரண்டு நிற்கின்றனர். 2024 நவம்பரில் கோவையில் நடந்த ஆள்சேர்ப்பு முகாமுக்குப் பல மாநிலங்களிலிருந்தும் இளைஞர்கள் வந்தனர். உபரி நேரத்தில் நாட்டுக்கு உழைக்க வந்தவர்கள் அவர்களில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? பெரும்பாலோர் வேலை தேடி வந்தவர்கள் என்றே நாம் கருதுகிறோம்.

‘பகுதி நேரம்’ என்பது நடைமுறையில் எப்படி இருந்தது? 1962, 1965, 1971 ஆகிய போர்க் காலங்களில் இப்படையினர் அழைக்கப்பட்டனர். பின்னர் பஞ்சாபிலும் காஷ்மீரிலும் வடகிழக்கு மாநிலங்களிலும் பணியாற்றினர். 2022 ஜூன் 30 அன்று மணிப்பூரின் நோனே மாவட்டத்தில், துபுல் என்னும் இடத்தில் நடந்துவந்த இருப்புப்பாதைப் பணிக்குக் காவலாக 107-ஆம் பிராந்தியக் காலாட்படைப் பிரிவு முகாமிட்டிருந்தது. நள்ளிரவில் மலை சரிந்தது. முகாம் மண்ணுக்குள் போயிற்று; படைவீரர் பலர் மாண்டனர். அவர்கள் எதிரியின் குண்டுக்கு இரையாகவில்லை என்பது அவர்களுடைய வீட்டாருக்கு ஆறுதலாகுமா? 2025-இல் பஹல்காம் தாக்குதலை அடுத்து நாடு பதற்றத்தில் இருந்தபோது, மே 6 அன்று மத்திய அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. பிராந்திய இராணுவத்தின் அதிகாரிகளையும் வீரர்களையும் தேவைக்கேற்பப் பணிக்கு அழைக்க இராணுவத் தலைமைத் தளபதிக்கு அது அதிகாரம் அளித்தது. 32 காலாட்படைப் பிரிவுகளில் 14 பிரிவுகளைப் பணியில் ஈடுபடுத்தவும் அதில் இசைவு இருந்தது. ஆணையின் காலம் 2028 பிப்ரவரி 9 வரை. இரண்டு மாதம் என்று கேட்டுச் சேர்ந்தவருக்கு இது மூன்றாண்டுக் கணக்கு.

இன்னொரு கணக்கும் உண்டு. சாதாரணப் படைவீரருக்கு ஓய்வூதியம் கிடைக்கவேண்டுமானால், உண்மையாகப் பணியில் இருந்த காலம் மொத்தம் 15 ஆண்டுகள் ஆகவேண்டும். ஆண்டுக்கு இரண்டு மாதம் மட்டும் பணியாற்றும் ஒருவர் அதை எட்ட 90 ஆண்டுகள் பிடிக்கும். ஆக, ஓய்வூதியம் பெற்றவர் எவரும் பகுதி நேர வீரராக இருந்திருக்க முடியாது. பகுதி நேர வீரராகவே இருப்பவருக்கு ஓய்வூதியம் இல்லை. சுவரொட்டியோ இரண்டையும் ஒரே வரியில் எழுதிவிடுகிறது.

பெயர்களும் நம்மை மயக்கவல்லவை. 2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமாவில் உயிர்நீத்த 40 பேரில் ஒருவர் நம் அரியலூர் மாவட்டத்துக் கார்குடியைச் சேர்ந்தவர். அவர் பணியாற்றியது மத்திய ரிசர்வ் காவல் படையில். அது பிராந்திய இராணுவத்தைப் போன்றதன்று. முழு நேரப் படை. ஆயினும் அதன் பெயரிலும் ‘ரிசர்வ்’ என்னும் சொல் இருக்கிறது. பின்னால் சேமித்து வைத்திருப்பது என்று பொருள்படும் அச்சொல், முன்னால் நிற்பவரைக் காப்பதில்லை. படங்களும் அப்படியே. கிரிக்கெட் வீரர் தோனிக்கு 2011-இல் இப்படையின் கௌரவ லெப்டினன்ட் கர்னல் பதவி வழங்கப்பட்டது. 2019-இல் அவர் இரு வாரம் காஷ்மீரில் தம் பிரிவினருடன் தங்கியும் வந்தார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்து மீசையை முறுக்கும் பையனுக்குப் போகவும் திரும்பவும் அவ்வளவு எளிதாக வாய்ப்பதில்லை.

புனித தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில், விற்பனையின் நேர்மையைப் பற்றி ஆராய்கிறார். விற்கும் பொருளில் வாங்குபவருக்கு இழப்பையோ ஆபத்தையோ தரக்கூடிய குறை மறைந்திருந்தால், விற்பவர் அதைச் சொல்லியே ஆகவேண்டும் என்பது அவர் முடிவு. ஆனால் குதிரைக்கு ஒரு கண் இல்லை என்பதுபோல் குறை வெளிப்படையாகத் தெரிந்து, விலையும் அதற்கேற்பக் குறைக்கப்பட்டிருந்தால், வாய்திறந்து சொல்லும் கடமை இல்லை என்கிறார். இதை நம் கேள்விக்குப் பொருத்திப் பார்ப்போம். போர்வீரன் சாகக்கூடும் என்பது ஊரறிந்த செய்தி. ஒற்றைக் கண் குதிரையைப்போல் அது கண்ணெதிரே நிற்கிறது. ஆகவே விளம்பரம் அதைச் சொல்லத் தேவையில்லை என்று ஒருவர் வாதிடலாம். இவ்வாதம் வலிமையானதே. முழு நேரப் படைக்கான விளம்பரத்துக்கு அது பொருந்தும் என்றும் ஏற்போம். ஆனால் ‘பகுதி நேரம்’ என்னும் சொல் செய்வது என்ன? குதிரையின் குருட்டுக் கண் இருக்கும் பக்கமாகப் பார்த்து ஒரு துணியைப் போர்த்துகிறது. எல்லாருக்கும் தெரிந்திருந்த ஆபத்து, அச்சொல்லின் பின்னே மறைந்த ஆபத்தாகிவிடுகிறது. கடையில் பகுதி நேரம் வேலை செய்பவர் மணி ஆறானால் கதவைச் சாத்திவிட்டு வீடு திரும்புவார்; மறுநாள் பிடிக்கவில்லையென்றால் வராமலும் இருப்பார். படையில் உறுதிமொழி எடுத்தவருக்கு இவ்விரண்டில் ஒன்றும் இல்லை. அவர் கொடுத்தது நேரத்தையன்று, அழைக்கும்போது வருவேன் என்னும் வாக்கை. வாக்கில் பாதி என்று ஒன்று கிடையாது.

வாயால் ஒரு பாதியைச் சொல்லி மறுபாதியை மனத்துக்குள் சொல்லிக்கொண்டால் பொய்யாகாது என்று ஒரு காலத்தில் சில அறநெறியாளர்கள் வாதாடினர். 1679-இல் திருத்தந்தை 11-ஆம் இன்னசென்ட் அப்போதனையைக் கண்டித்தார். விளம்பரங்களைப் பற்றி 1997-இல் சமூகத் தொடர்புக்கான திருப்பீட அவை வெளியிட்ட ஏடும், சொல்வதால் மட்டுமன்றி உணர்த்துவதாலும் சொல்லாமல் விடுவதாலும் ஏமாற்றலாகாது என்று தெளிவாக்குகிறது. சிறு எழுத்தில் போட்டிருக்கிறோமே என்பது மனத்துக்குள் சொல்லிக்கொள்வதன் அச்சு வடிவமே.

எல்லாவற்றையும் சொன்னால் யார் வருவார்கள் என்று கேட்போர் உண்டு. அமெரிக்காவில் தேசியக் காவற்படைக்கு ஆள் சேர்த்தபோது, மாதத்தில் ஒரு வாரக் கடைசி, ஆண்டில் இரண்டு வாரம் என்றே நெடுங்காலம் விளம்பரம் செய்தனர். 2003-இல் ஈராக் போர் வந்தது. அவ்வாறு சேர்ந்தவர்கள் ஓராண்டும் அதற்கு மேலும் பாலைவனத்தில் இருக்க நேர்ந்தது. பிறகு அவ்விளம்பர வாசகம் கைவிடப்பட்டது. அது பொய்யாயிற்று என்பதைவிட, அமைதிக் காலத்தில்கூட அது முழு மெய்யாக இருந்ததில்லை என்பதே சரி. வழக்கமாக எவ்வளவு கேட்கப்படும் என்பதை அது சொன்னது. எவ்வளவு கேட்கப்படலாம் என்பதைச் சொல்லவில்லை. நேர்மையின் அளவுகோல் இரண்டாவதில்தான் இருக்கிறது.

உண்மையைச் சொல்லி ஆள் சேர்ப்பது நடவாத காரியமன்று என்பதற்கு விவிலியத்திலேயே சான்று உண்டு. இணைச்சட்ட நூலின் 20-ஆம் அதிகாரம், போருக்குமுன் படையின் அலுவலர் மக்களிடம் பேசவேண்டிய முறையை விதிக்கிறது. புதுவீடு கட்டிக் குடிபுகாதவன் யார், திராட்சைத் தோட்டம் நட்டு அதன் பலனை உண்ணாதவன் யார், பெண் நிச்சயித்து மணம் முடிக்காதவன் யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, அத்தகையோர் வீடு திரும்பலாம் என்கின்றனர். அவன் சாகக்கூடும், வேறொருவன் அந்த வீட்டில் குடியேறக்கூடும் என்பதையும் மறைக்காமல் சொல்கின்றனர். கடைசியாக, அஞ்சுபவனும் போகலாம் என்கின்றனர். ஆள் சேர்ப்பதற்காகப் பேசும் பேச்சாக இது தோன்றவில்லை. ஆளை அனுப்பிவிடும் பேச்சாகவே தோன்றுகிறது. அதற்குப் பின்னும் நின்றவர்கள் தெரிந்து நின்றார்கள். அவர்களுக்கே தளபதிகள் நியமிக்கப்பட்டனர்.

வீடு, தோட்டம், திருமணம் என்று அந்த அலுவலர் கேட்ட மூன்றும் தனிமனிதனைப் பற்றிய கேள்விகள் அல்ல. அவனை நம்பி நிற்போரைப் பற்றியவை. விளம்பரத்தைப் படிப்பவன் ஒருவனே ஆனாலும், அதன் விலையைக் கொடுப்பது வீடு முழுவதும். பிராந்திய இராணுவச் சட்டம் இதை ஓரளவு எண்ணிப் பார்த்திருக்கிறது. படைப்பணிக்கு அழைக்கப்பட்டவர் திரும்பி வந்ததும் அவரைப் பழைய வேலையில் சேர்த்துக்கொள்ளும் கடமையை அது முதலாளிக்கு விதிக்கிறது. அரசு அலுவலகத்திலோ இரயில்வேயிலோ இருப்பவருக்கு இது பெரிய காப்பு. ஆனால் அரியலூர்ச் சிமெண்ட் ஆலைகளில் ஒப்பந்தக்காரரின் கீழ் மூட்டை ஏற்றும் தொழிலாளி திரும்பி வரும்போது ஒப்பந்தக்காரரே மாறியிருப்பார். யாரிடம் போய்ச் சட்டத்தைக் காட்டுவது? பெரம்பலூர்ப் பக்கம் சொந்தமாக இரண்டு ஏக்கர் வைத்திருப்பவருக்கோ முதலாளியே இல்லை. புரட்டாசி மழைக்கு விதைத்து, தை மாதம் கதிர் முற்றும்போது அறுக்க வேண்டும். அழைப்பாணை கார்த்திகையில் வந்தால் களை எடுப்பதும் மருந்தடிப்பதும் மனைவியின் தலையில். சின்ன வெங்காயம் போட்டிருந்தால், பிடுங்குவதற்கு ஒரு வாரம் தாமதித்தாலும் மண்ணிலேயே அழுகிப்போகும். விண்ணப்பப் படிவத்தை நிரப்புகிற மகனிடம் தாயும் தந்தையும் கேட்கவேண்டிய கேள்வி, எத்தனை நாள் பயிற்சி என்பதன்று. நீ வர முடியாத வருடத்தில் வெங்காயத்தை யார் பிடுங்குவது என்று கேட்கட்டும்.