விதியும் பெயரும்: வீட்டுப் பியர் ஆக்கம் குறித்து ஓர் அறவியல் நோக்கு

தன் வீட்டில், தன் நுகர்வுக்கென ஒருவன் ஆக்கும் பொருள் எவ்வாறு அமைதல் வேண்டுமென விதிக்கும் உரிமை பிறர்க்கு உண்டா? இவ்வினா மதுவருந்துதலின் நன்மை தீமை பற்றியதன்று. ஆக்குவோனுக்கும் விதிக்கும் இடையிலான உறவு பற்றியது. மேலைநாடுகளிற் பியர் ஆக்கத்தின் வரலாறு இதனை ஆராய்தற்கேற்ற களமாகும்.

1516ஆம் ஆண்டு பவேரியாவின் கோமக்கள் இருவர் இன்கொல்ஸ்டாட் நகரில் ஒரு கட்டளை பிறப்பித்தனர். பார்லி, ஹொப், நீர் ஆகிய மூன்றுமன்றி வேறெதுவும் பியரிற் சேர்தலாகாது என்பது அதன் சாரம். பிற்காலத்தார் இதனைத் ‘தூய்மைச் சட்டம்’ எனப் போற்றினர். ஆயின், பியரின் விலையை வரையறுப்பதும் அக்கட்டளையின் பணியாயிருந்தது. பின்னாளிற் கோதுமைப் பியரை ஆக்கும் தனியுரிமையை ஆளுங் குடும்பமே தன்வயப்படுத்தி வருவாய் ஈட்டிற்று. தூய்மை என்னும் அறச்சொல்லின் அருகே பொருளியல் நலனும் நின்றமை இதனாற் புலனாகும். நொதித்தலை நிகழ்த்தும் மதுவமோ அக்கட்டளையிற் குறிப்பிடப்படவேயில்லை.

ஐக்கிய அமெரிக்காவில் 1933இல் மதுவிலக்கு நீங்கிய பின்னரும் வீட்டிற் பியர் ஆக்குதல் சட்டவிரோதமாகவே நீடித்தது. 1978இல் ஜனாதிபதி காட்டர் ஒப்பமிட்ட சட்டத்தின்படி, வளர்ந்தோர் ஒருவர் ஆண்டொன்றுக்கு 100 கலன் வரை, விற்பனைக்கன்றி, வரியின்றி ஆக்கலாம் என்றாயிற்று. எனினும், மாநிலங்கள் அனைத்தும் இதற்கு இசைவதற்கு 2013 வரை சென்றது.

தடை அகன்றபின் அவ்வாக்குநர் செய்தது யாது? அவருட் பலர் தாமாகவே விதிகளை நாடினர். பில்ஸ்னர் ஆக்க விழைந்தோர், குளிரில் இயங்கும் மதுவத்தின் பொருட்டு ஏறத்தாழ 10 பாகை செல்சியஸில் வாரக்கணக்காகக் காத்திருந்தனர். ஸ்டவுட் ஆக்கியோர் கருக வறுத்த பார்லியை அளந்து சேர்த்தனர். 1985இல் உருவான நடுவர் அமைப்பொன்று, பின்னர் ஒவ்வொரு வகைக்கும் நிறம், மணம், கசப்பு ஆகியவற்றின் எல்லைகளை வகுத்து வெளியிட்டது.

இது கான்ற் கூறும் தன்னாட்சி அன்றோ எனின், முற்றிலும் அன்று. கான்ற்றின் அறவிதி அறிவுடையோர் யாவரையும் பிணிப்பது. பில்ஸ்னரின் விதியோ பில்ஸ்னர் ஆக்க விழைந்தோனை மாத்திரமே பிணிக்கும். கொத்தமல்லியும் தோடம்பழத் தோலும் சேர்ப்பவன் பெல்ஜிய மரபொன்றைத் தழுவுகின்றான், அவன் தவறிழைத்தானல்லன்.

ஆனால், அதனையே பில்ஸ்னர் எனக் கூறி அயலானுக்கு அளிப்பானாயின் நிலைமை வேறாகும். பெயர் என்பது பிறனுக்கு அளிக்கும் வாக்குறுதி. கலவையிற் புகாத அறம் இவ்விடத்துப் புகுகின்றது. 1987இல் ஐரோப்பிய நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பும் இதற்கு அரண் செய்கின்றது. தூய்மைச் சட்டத்துக்கு அமையாத அயல்நாட்டுப் பியர்களை ஜேர்மனி தடுத்தல் தகாது என்றும், நுகர்வோரைக் காப்பதற்குச் சேர்பொருள்களைத் தெளிவுறக் குறித்தல் போதும் என்றும் அந்நீதிமன்றம் கருதிற்று.

அரசு தலையிடுதற்கு வேறு நியாயங்களும் உள. நஞ்சு கலத்தலைத் தடுப்பது அரசின் கடன் என்பதை எவரும் மறுப்பதற்கில்லை. அந்நியாயங்கள் ஊறு பற்றியன. தூய்மை பற்றியன அல்ல. ஊறு விளையாவிடத்து, ஒருவன் எதனை ஆக்குகின்றான் என்பதை விதித்தல் மிகை. ஆக்கியதை யாதெனச் சொல்லுகின்றான் என்பதில் வாய்மையை வேண்டுதல் முறை. மரபின் பெயரால் தூய்மை கோரப்படும் பிற துறைகளிலும் இவ்வேறுபாட்டை வைத்து நோக்குதல் நமக்குப் பயன் தரும்.