பதிவில்லாத கைகளும் பதிவேட்டின் கடமையும்

இலங்கையின் இறுதிப்போரில், 2009 பெப்ரவரி முதல் வாரத்தில் முல்லைத்தீவின் புதுக்குடியிருப்பு வைத்தியசாலைமீது எறிகணைகள் திரும்பத் திரும்ப விழ, நோயாளரும் பணியாளரும் புதுமாத்தளனுக்கு நகர்ந்தார்கள். விரல்விட்டு எண்ணக்கூடிய வைத்தியர்களுக்குத் தொண்டர்கள் கைகொடுத்தார்கள். இலண்டனிலிருந்து போய் அங்கே அகப்பட்டுக்கொண்ட தமிழ்வாணி ஞானகுமார் தாதியல்லர். உயிர்மருத்துவத் துறையைச் சேர்ந்தவர். மயக்கமருந்தில் நீர் கலந்ததையும், காயப்பட்டவரின் குருதியைத் துணியில் வடித்து அவருக்கே திரும்ப ஏற்றியதையும் அவர் பின்னர் உலகுக்குச் சொன்னார். 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தாதியர் பேரவைச் சட்டப்படி பார்த்தால், பதிவு இல்லாத ஒருவர் தாதியாகப் பணிசெய்ய இடமில்லை. அப்படியானால் அந்தத் தொண்டர்கள் செய்தது தவறா?

அந்தச் சட்டத்தை வெறும் காகிதம் என்று தள்ளுவது சரியல்ல. காய்ச்சலில் கிடக்கும் மனிதருக்குத் தன் கையில் ஊசி ஏற்றுபவரின் தகுதியைச் சோதிக்க வழியில்லை. அவருக்காக முன்கூட்டியே சோதித்து வைப்பதுதான் பதிவேடு. ஆனால் அதன் பின்னால் அரசின் இரண்டு வாக்குறுதிகள் இருக்கின்றன. பயிற்சி இல்லாதவர் நோயாளியைத் தொடமாட்டார் என்பது ஒன்று, பயிற்சி பெற்றவர் வந்து சேருவார் என்பது மற்றது. புதுமாத்தளனில் இரண்டாவது முறிந்து போயிருந்தது. அதன்பின் முதலாவதை மட்டும் தூக்கிப்பிடித்தால், குருதி ஓடிக்கொண்டிருப்பவரைப் பார்த்துக்கொண்டு கைகட்டி நிற்கச் சொல்வதாகிவிடும். தொண்டர்கள் செய்தது சரி மட்டுமல்ல, அவர்கள்மீது விழுந்த கடமையும் அதுவே.

அன்று செய்தது சரியென்றால் இன்று அப்படியே நியமனம் கொடுத்துவிடலாமே என்று கேட்கலாம். வடமாகாணத்தில் சுகாதாரத் தொண்டர்கள் நிரந்தர நியமனம் கேட்டுப் பல தடவை வீதியில் இருந்திருக்கிறார்கள். உழைப்புக்குரிய ஊதியத்தைக் கேட்பது முழு நியாயம். ஆனால் ஊதியக் கடனைத் தாதியத் தகுதியைக் கொடுத்து அடைக்க முடியாது, ஏனெனில் அந்தக் கடனைக் கடைசியில் நோயாளியே கட்டவேண்டி வரும். எறிகணைக் காயத்துக்குத் தேர்ச்சியோடு கட்டுப்போடப் பழகிய கைக்கு இன்சுலின் அளவு தெரிந்திருக்குமென்று சொல்ல முடியாது. மேற்பார்வை இல்லாத இடத்தில் நல்ல பழக்கத்தோடு பிழையான பழக்கமும் ஊறிவிடும். எல்லாவற்றையும் இழந்த முல்லைத்தீவு மக்களுக்குத் தரம் குறைந்த பராமரிப்பை நிவாரணம்போல நீட்டுவதைப் போன்ற அநீதி வேறில்லை.

எனவே தளர்த்த வேண்டியது இறுதிப் பரீட்சையை அல்ல, நுழைவாயிலை. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் 1965இல் இதைச் செய்து காட்டியது. கடற்படையில் காயங்களுக்குச் சிகிச்சையளித்துப் பழகிய நால்வரைச் சேர்த்து, இரண்டாண்டுப் பயிற்சி கொடுத்து, வைத்தியரின் மேற்பார்வையில் பணிசெய்யும் உதவியாளர் என்ற புதிய தொழிலையே உருவாக்கியது. அனுபவம் வகுப்புக்குள் நுழைய அவர்களுக்கு உதவியது; பயிற்சியிலிருந்து விலக்குத் தரவில்லை. இங்கே அதே வழியைத் திறக்க, வன்னியின் வாசலிலேயே வவுனியாவில் தாதியர் பயிற்சிக் கல்லூரி இருக்கிறது. ஆனால் தாதியப் பயிற்சிக்கு உயர்தர விஞ்ஞானப் பெறுபேறு கேட்கப்படுகிறது, வயதெல்லையும் உண்டு. பதுங்குகுழிக்கும் இடப்பெயர்வுக்கும் இடையில் பரீட்சையைத் தவறவிட்டு, 2009இல் பதினெட்டு வயதில் காயக்காரரைத் தூக்கிய ஒருவர் இப்போது முப்பதைத் தாண்டிவிட்டார். செயல்முறைத் தேர்வு ஒன்றை வைத்து அவரை முதலாமாண்டில் சேர்த்துக்கொள்ளும் அதிகாரம் சுகாதார அமைச்சின் கையில்தான் இருக்கிறது.