குருதியில் ஓர் இன்மை

இருக்கும் பொருளைக் கண்டு அறியலாம். இல்லாததை எதைக் கொண்டு அறிவது? மணிமேகலையின் 27ஆம் காதையில் சொல்லப்படும் பத்து அளவைகளுள், அதாவது அறியும் வழிகளுள், அபாவம் எனப்படும் இன்மையும் ஒன்று. குமாரிலர் வழி வந்த மீமாம்சகர் இன்மையை அறியத் தனி அளவை வேண்டும் என்றனர்; நையாயிகர் காட்சியே போதும் என்றனர். ஆனால் ஒரு நிபந்தனையில் இரு தரப்புக்கும் உடன்பாடு உண்டு. இருந்தால் தெரிந்தே தீரும் என்ற நிலையில் தெரியாமற் போனால்தான் 'இல்லை' எனலாம். விளக்கெரியும் அறையில் குடம் காணப்படாவிட்டால் குடம் இல்லை. இருட்டறையில் காணப்படாததற்குப் பொருளே கிடையாது.

இதயத் துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன் மருந்தின் அளவைக் குருதியில் காண்பதிலும் இதே வழக்குதான் எழுகிறது. குருதியைச் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரிப்பார்கள். அசிட்டோநைட்ரைல் சேர்த்ததும் புரதங்கள் வெண்மையாகத் திரண்டு அடியில் படியும். மேலே நிற்கும் தெளிந்த நீர்மம், சிலிக்கா துகள்கள் நிரம்பிய மெல்லிய குழாய் வழியே உயர் அழுத்தத்தில் செலுத்தப்படும். துகள்களின் மேற்பரப்பு கொழுப்புத்தன்மை கொண்டது, அமியோடரோனும் அப்படியே. ஆகவே அது துகள்களைப் பற்றிக்கொண்டு தாமதமாக வெளிவரும். அது வரும் நேரத்தில் திரையில் ஒரு முகடு எழும். முகட்டின் பரப்பே மருந்தின் அளவைக் காட்டும்.

முகடு எழாவிட்டால்? மருந்து இல்லாமலிருக்கலாம், பிரித்தெடுக்கையில் இழக்கப்பட்டிருக்கலாம், கூடவே வந்த வேறு பொருள் கருவியின் உணர்திறனை அமுக்கியிருக்கலாம். இதற்காகவே தொடக்கத்திலேயே, சில ஹைட்ரஜன் அணுக்களுக்குப் பதில் கனமான டியூட்டீரியம் ஏற்றிய அமியோடரோன் தெரிந்த அளவில் கலக்கப்படுகிறது. மருந்துக்கு நேரும் எல்லாம் அதற்கும் ஏறக்குறைய அப்படியே நேரும். முகட்டைக் காட்டும் கருவியான நிறைநிறமாலைமானி எடையை வைத்து இரண்டையும் பிரித்தறியும். டியூட்டீரியம் ஏற்றியதன் முகடு எழுந்து மருந்தின் முகடு எழாதபோதுதான் ஆய்வாளர் துணிந்து பேச முடியும். அறையில் ஏற்றிய விளக்கு அதுவே. அப்போதும் நேர்மையான அறிக்கை 'இல்லை' என்று எழுதாது. 'கண்டறியும் எல்லைக்குக் கீழ்' என்றே எழுதும்.

விளக்கு மட்டும் போதாது, காலமும் பொருந்த வேண்டும். ஃபுரோசமைடு மருந்தின் அரை ஆயுள் சுமார் 2 மணி நேரம். காலையில் விழுங்கியது மறுநாள் காலைக் குருதியில் தெரியாவிட்டால் அதைக் கொண்டு எதையும் நிறுவ முடியாது. அமியோடரோனின் அரை ஆயுள் வாரக்கணக்கிலிருந்து மாதக்கணக்கு வரை நீளும். அது கொழுப்பில் தங்கி மெல்ல வெளிவருவது. நெடுநாள் உட்கொண்டவர் சில நாள் நிறுத்தினாலும் குருதியில் அது இருக்கும். அங்கே இருப்பே தவறாக வழிகாட்டக்கூடும்.

'மாத்திரையைச் சரியாகப் போட்டேன்' என்ற நோயாளியின் சொல்லும் ஓர் அளவைதான். சைவ சித்தாந்தம் காட்சி, கருதல், உரை என்ற மூன்றில் மூன்றாவதாக வைப்பது நம்பத்தக்கோர் மொழியை. முகடு காணாமற்போனதும் அச்சொல்லைப் பொய் எனத் தள்ளுவது அளவையியல் பிழை. கருவி சொல்வது குருதி எடுத்த கணத்தின் செறிவை மட்டுமே. வாந்தி எடுத்தாரா, மருந்து உட்கிரகிக்கப்படவில்லையா, வாங்கக் காசில்லாமல் பாதியாக உடைத்துப் போட்டாரா என்பதை நோயாளி சொன்னால்தான் தெரியும்.