உப்பைத் தாங்கும் வேர்
எலுமிச்சை, சாத்துக்குடி வகைகளுக்கு உப்பு ஆகாது. ஆனால் ரங்க்பூர் எலுமிச்சையின் வேர், குளோரைடு இலைக்கு ஏறுவதைப் பெருமளவு தடுக்கும். அதில் ஒட்டுக்கட்டிய மரம் சமாளிக்கும். அந்தக் குணத்துக்கான மரபணுக்களை விஞ்ஞானிகள் தேடுகிறார்கள்.

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் ஆலைகளின் உப்பு பாலாற்றங்கரைக் கிணறுகளில் இறங்கியிருக்கிறது. 1996இல் வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம்.

மரமே உப்பைத் தாங்கிக்கொண்டால் அந்தப் பொறுப்பு என்ன ஆகும்? மென்பொருளில் இதை வொர்க்அரவுண்ட் என்போம்: வேலை நடக்கும், பிழை அப்படியே இருக்கும். அதுக்காக, ஆறு சுத்தமாகும்வரை காத்திருங்க என்று விவசாயியிடம் சொல்ல முடியாது. கன்று கிடைக்கட்டும். ஆனா அதன் விலையும் மாசுபடுத்தியவர் கணக்கில் ஏறணும். வேர் மாறினாலும் கிணறு மாறலை. அதே தண்ணியைத்தான் மாடும் குடிக்குது.