பாதியில் விடாதீர்கள்

வீட்டில் கணினி தெரிந்தவர் என்று பெயர் எடுத்தவர்களுக்கு இதை எழுதுகிறேன். நெட் வரவில்லை என்றால் அம்மா கூப்பிடுவது உங்களைத்தான். அக்கா வீட்டில் வைஃபை போட்டால் பாஸ்வேர்டு வைத்துக் கொடுப்பதும் நீங்கள்தான். ரவுட்டரின் ஃபர்ம்வேரை, அதாவது அதை உள்ளிருந்து இயக்கும் மென்பொருளை, புதுப்பிக்கும் பொறுப்பும் உங்களுடையதே. அந்த வேலையைத் தொடங்கி, ஆன்டிவைரஸ் குறுக்கே நின்றது என்று பாதியில் விட்டிருந்தால் இந்த வாரமே திரும்ப உட்காருங்கள். புதுப்பித்து முடித்தபின் ஆன்டிவைரஸை மறுபடி இயக்க மறந்திருந்தால் வாரக்கணக்கு வேண்டாம், இப்போதே எழுந்துபோய் இயக்குங்கள்.

என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பயம் போய்விடும். ரவுட்டர் நிறுவனத்தின் தளத்திலிருந்து கோப்பை இறக்கிக்கொள்கிறீர்கள். பிரவுசரில் 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்று அடித்து ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து, கோப்பை ஏற்றச் சொல்கிறீர்கள். ஆன்டிவைரஸில் இணையப் போக்குவரத்தைச் சோதிக்கும் பகுதி ஒன்று உண்டு. பிரவுசருக்கும் ரவுட்டருக்கும் நடுவில் நின்று, போகிற வருகிற தரவைப் பிடித்துப் பார்ப்பது அதன் வேலை. ஃபர்ம்வேரோ இறுக்கிச் சுருக்கிய, பல சமயம் பூட்டிட்ட ஒரே கோப்பு. அதைப் பிரித்துப் பார்க்க முடியாமல் ஆன்டிவைரஸ் தரவைத் தேக்கி வைத்துவிடலாம். ரவுட்டருக்குள் இருப்பது மிகச் சிறிய சர்வர். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அது இணைப்பைத் துண்டித்துவிடும். திரையில் ஓடிக்கொண்டிருந்த பட்டை பாதியில் நின்றுபோகும்.

பட்டை நின்றதும் பதறிப்போய் மின்சாரத்தைப் பிடுங்காதீர்கள். நல்ல ரவுட்டர், வந்துசேர்ந்த கோப்பு முழுமையானதா, நிறுவனம் தந்ததுதானா என்று சரிபார்த்த பிறகே அதை நினைவகத்தில் எழுதும். குறைபட்ட கோப்பை ஒதுக்கிவிட்டுப் பழையபடியே ஓடும். எழுதிக்கொண்டிருக்கும் அந்தச் சில நிமிடங்களில் மின்சாரம் போனால்தான் ரவுட்டர் செத்துப்போகும் அபாயம்.

இங்கேதான் நம்மவர்கள் இரண்டு தவறுகளில் ஒன்றைச் செய்கிறார்கள். முதல் தவறு, ‘ஆன்டிவைரஸே விடமாட்டேன் என்கிறது, நமக்கெதற்கு வம்பு’ என்று புதுப்பித்தலைக் கைவிடுவது. ஆன்டிவைரஸ் குடியிருப்பது உங்கள் கணினியில். ரவுட்டருக்குள் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. வீட்டிலுள்ள போன்கள், டிவி, கேமரா எல்லாம் வெளியே போவது அந்த ரவுட்டர் வழியாகத்தான். 2018இல் பிரேசிலில் என்ன நடந்தது என்று பாருங்கள். கோஸ்ட்டிஎன்எஸ் என்று பெயரிடப்பட்ட தாக்குதலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ரவுட்டர்கள் சிக்கின. அவற்றில் பெரும்பாலானவை அந்நாட்டு வீடுகளில் இருந்தவை. தளத்தின் பெயரைக் கொடுத்தால் அது இருக்கும் இடத்தைச் சொல்லும் டிஎன்எஸ் சர்வரின் முகவரியை மட்டும் ரவுட்டரில் மாற்றிவிட்டார்கள். வங்கியின் முகவரியைச் சரியாக அடித்தவர்களும் போலிப் பக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அதே ஆண்டு மே மாதம், விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரல் குறைந்தது 54 நாடுகளில் 5 லட்சம் கருவிகளையாவது பிடித்திருப்பதாக சிஸ்கோவின் டாலோஸ் பிரிவு அறிவித்தது. ரவுட்டரை அணைத்துப் போட்டாலும் அதன் முதல் பகுதி உள்ளேயே தங்கிவிட்டது.

இரண்டாவது தவறு இதைவிட மோசம். கடிகாரத்தின் பக்கத்தில் இருக்கும் ஆன்டிவைரஸ் குறியை வலது க்ளிக் செய்தால் பல மென்பொருள்களில் ஒரு பட்டியல் வரும்: 10 நிமிடம், 1 மணி நேரம், கணினியை மறுபடி தொடங்கும் வரை, நிரந்தரமாக. அவசரத்தில் விரல் கடைசி வரிக்குப் போகிறது. ஃபர்ம்வேர் ஏறிவிட்ட சந்தோஷத்தில் எழுந்துவிடுகிறோம். மறுநாள் அதே கணினியில் தங்கை ஒரு மின்னஞ்சல் இணைப்பைத் திறக்கிறாள், அப்பா வங்கிக் கணக்கைப் பார்க்கிறார். காவல் இல்லை என்பது அவர்கள் யாருக்கும் தெரியாது. உங்களை நம்பி உட்கார்ந்தவர்களுக்கு நீங்கள் செய்யும் துரோகம் அது. மறதி என்று சொல்லிச் சமாதானம் தேடாதீர்கள். பட்டியலின் முதல் வரியைத் தேர்ந்தெடுத்திருந்தால் மறதிக்கே இடமிருந்திருக்காது.

‘என் ரவுட்டர், என் இஷ்டம்’ என்றும் சொல்ல முடியாது. 2016 அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் டைன் என்ற நிறுவனத்தின் டிஎன்எஸ் சேவை தாக்கப்பட்டு ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் பலருக்குத் திறக்காமல் போயின. தாக்கியது, மிராய் என்ற தீநிரல் கைப்பற்றியிருந்த வீட்டுக் கேமராக்களும் ரவுட்டர்களும். அவற்றின் சொந்தக்காரர்களில் யாருக்கும் தீய எண்ணம் இருந்திருக்காது. தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டிருந்தார்கள், அவ்வளவுதான். அடுத்த மாதமே மிராயின் இன்னொரு வடிவம் தாக்க, ஜெர்மனியில் டாய்ச்ச டெலிகாம் வாடிக்கையாளர்கள் ஏறத்தாழ 9 லட்சம் பேரின் ரவுட்டர்கள் முடங்கின. நம் நாட்டிலும் 2017 ஜூலையில் பிஎஸ்என்எல் மோடம்கள் தாக்கப்பட்டன. ‘அட்மின்’ என்று வந்த பாஸ்வேர்டை மாற்றுங்கள் என்று வாடிக்கையாளர்களிடம் நிறுவனம் கேட்டுக்கொள்ள வேண்டி வந்தது. நாம் பராமரிக்காமல் விடும் பெட்டி அடுத்தவரை அடிக்கும் கருவியாகிறது. அந்தப் பாவத்தில் நமக்கும் பங்கு உண்டு.

ஆகவே முறையாகச் செய்யுங்கள். ரவுட்டரின் பக்கத்திலேயே ‘ஆன்லைன் அப்டேட்’ இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். ரவுட்டர் தானே கோப்பை எடுத்துக்கொள்ளும். கணினியின் ஆன்டிவைரஸ் நடுவில் வராது. அது இல்லையென்றால் மட்டும் கோப்பைக் கையால் ஏற்றுங்கள். ரவுட்டரைத் திருப்பி, அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் மாடல் எண்ணையும் வெர்ஷன் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். மாடல் ஒன்றாக இருந்தும் வெர்ஷன் மாறினால் ஃபர்ம்வேர் மாறும். நிறுவனத்தின் சொந்தத் தளத்தைத் தவிர வேறு எங்கிருந்தும் கோப்பை எடுக்காதீர்கள். இறக்கும்போது ஆன்டிவைரஸ் ஓடட்டும். கோப்பை அது சோதித்து முடிக்கட்டும்.

கோப்பு ஏறாமல் தடுமாறுவது வேறு, ஆன்டிவைரஸ் ஒரு வைரஸின் பெயரைச் சொல்லி எச்சரிப்பது வேறு. பெயர் சொல்லி எச்சரித்தால் அங்கேயே நிறுத்துங்கள். கோப்பை அழித்துவிட்டு மறுபடி இறக்குங்கள். கோப்பைச் சரிபார்க்கும் எஸ்எச்ஏ-256 எண்ணை நிறுவனம் வெளியிட்டிருந்தால், நீங்கள் இறக்கிய கோப்பின் எண்ணோடு அதை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். சந்தேகம் தீராத கோப்புக்காக எந்தக் காவலையும் விலக்காதீர்கள்.

கோப்பு சுத்தம் என்று உறுதியானதும், ரவுட்டரின் இப்போதைய அமைப்புகளைச் சேமித்துக்கொள்ளுங்கள். கணினியை ரவுட்டரோடு கேபிளால் இணைத்து, வைஃபையை அணையுங்கள். ரவுட்டருக்கு வெளியிலிருந்து வரும் இணைய கேபிளைக் கழற்றிவிடுங்கள். இனி நீங்கள் காவலை விலக்கினாலும் வெளியாள் உள்ளே வர வழியில்லை. இன்வெர்ட்டர் இருந்தால் ரவுட்டரையும் கணினியையும் அதில் ஓட்டுங்கள். அதன்பிறகு ஆன்டிவைரஸின் இணையச் சோதனைப் பகுதியை மட்டும் 10 நிமிடம் நிறுத்தி, கோப்பை ஏற்றுங்கள். ரவுட்டர் தானாக அணைந்து எழும்வரை எதையும் தொடாதீர்கள். பிறகு ஆன்டிவைரஸை இயக்கி, குறி பழைய நிறத்துக்குத் திரும்பியதை உங்கள் கண்ணால் பார்த்த பிறகே இணைய கேபிளைச் செருகுங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள். கையோடு அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள்.

இணைய நிறுவனம் கொடுத்த பெட்டி என்றால் பெரும்பாலும் அவர்களே தூரத்திலிருந்து புதுப்பிப்பார்கள். வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டு, கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்று கேளுங்கள். பதில் வரும்வரை விடாதீர்கள். உங்கள் மாடலுக்கு நிறுவனம் ஃபர்ம்வேர் வெளியிடுவதையே நிறுத்திவிட்டதா? அப்படியானால் அது நன்றாகத்தானே ஓடுகிறது என்று வைத்திருக்காதீர்கள். 2024 ஜனவரியில் அமெரிக்க நீதித்துறை முடக்கியதாக அறிவித்த கேவி பாட்நெட் என்ற, கைப்பற்றப்பட்ட கருவிகளின் கூட்டத்தில் சிக்கியிருந்தவற்றில் பெரும்பாலானவை இப்படிக் கைவிடப்பட்ட பழைய ரவுட்டர்கள். காசு செலவானாலும் மாற்றிவிடுங்கள்.

இத்தனைக்கும் உங்கள் நேரத்தில் ஒரு மாலைப்பொழுதுக்கு மேல் போகாது. உங்கள் வீட்டு வேலை முடிந்ததும் பெற்றோர் வீட்டுக்கும், உங்களிடம் பாஸ்வேர்டு கேட்டு வாங்கிய ஒவ்வொரு வீட்டுக்கும் போங்கள். அவர்களுக்கு இந்த ஆபத்து தெரியாது. தெரிந்த நீங்கள் சும்மா இருந்தால் அது குற்றம்.